ஏற்காட்டு மலைப்பாதைக்குப் போதுமான வெளிச்சம்: அஸ்தம்பட்டி ஆட்டோ எலக்ட்ரீசியன் கடை ஒன்றின் வேலை

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேட்டுக்குப் போகும் வழியில், பிரதான சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கும் ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியன் கடையில், சென்ற மாதம் என் பழைய காரின் ஹெட்லைட்டுகளைச் சரிசெய்துகொண்டேன். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. தகரக் கூரை, ஒரு பழைய மர மேசை, சுவரெங்கும் கொக்கிகளில் தொங்கும் ஒயர்ச் சுருள்கள், வாசலில் இரண்டு கார் நிற்கும் அளவுக்கு இடம், அவ்வளவுதான். கடையை நடத்துகிறவர் அறுபதை நெருங்கியவர். உதவிக்கு ஓர் இளைஞர் இருக்கிறார். தம் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், இங்கே எலக்ட்ரீசியன் என்றே குறிப்பிடுகிறேன். வேலை நடந்த விதத்தை விரிவாக எழுதக் காரணம் உண்டு. இதே குறைக்காக நான் அதற்கு முன் ஓராண்டுக் காலம் தவறான இடங்களில் பணத்தைச் செலவழித்திருந்தேன். பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் பலரும் இன்றும் அதையே செய்துகொண்டிருக்கிறார்கள்.

என்னுடையது 2005-ஆம் ஆண்டு வாங்கிய சிறிய பெட்ரோல் கார். ஏற்காட்டில் இரண்டு காப்பித் தோட்டங்களுக்குக் கணக்கு எழுதுவதால் வாரத்துக்கு இரண்டு நாள் மலையேறுகிறேன். பழம் பறிக்கும் காலத்தில் கணக்கை முடித்துவிட்டுக் கிளம்ப இரவு எட்டு, ஒன்பது மணி ஆகிவிடும். அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சேர்வராயன் மலையில் இரவில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்: வளைவில் திரும்பும்போது காரின் மூக்கு பள்ளத்தைப் பார்த்து நிற்கும், நமக்கு வேண்டிய சாலையோ பக்கவாட்டில் கிடக்கும். அந்த நேரத்தில் உதவுவது டிம் வெளிச்சம் இரு பக்கமும் எவ்வளவு அகலமாக விரிகிறது என்பதே. மேலே பனி மூட்டம் இறங்கினால் பிரைட் போடவே முடியாது. போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கும். காட்டெருமைகள் வேறு சாலையோரம் மேயும். அவற்றின் கறுத்த உடல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதே இல்லை. மங்கிய ஹெட்லைட்டில் மிக அருகில் வந்த பிறகே அது ஒரு விலங்கு என்று தெரியும். எனக்கு அப்படி ஒருமுறை நேர்ந்தது. காரை நிறுத்த முடிந்தது. ஆனால், அன்று நின்ற தூரத்தை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது.

வெளிச்சம் குறைந்தது ஒரே நாளில் நடக்கவில்லை. கண்தான் மங்கிவிட்டதோ என்று முதலில் கண் மருத்துவரிடம் போனேன். கண்ணில் குறை இல்லை என்றார். பிறகு நகரில் ஒரு கடையில் பல்பை மாற்றச் சொன்னேன். அவர்கள் 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 வாட் பல்பைப் போட்டார்கள். இரண்டு வாரம் நன்றாகத் தெரிந்தது. மூன்றாவது வாரம் வலது பக்க ஹோல்டரின் பிளாஸ்டிக் உருகி, கருகிய வாடை வந்தது. இன்னொரு கடைக்காரர் அதற்குத் தீர்வாக எல்இடி பல்பைப் பரிந்துரைத்தார். அது வெண்மையாகப் பளிச்சென்று இருந்தது. ஆனால், எதிரே வந்த ஒவ்வொருவரும் எனக்கு லைட்டை அணைத்து அணைத்துக் காட்டினார்கள். சாலையிலோ அருகில் ஒரு வெள்ளைத் திட்டு, அதைத் தாண்டினால் இருட்டு. அதையும் கழற்றிவிட்டுச் சாதாரண பல்புக்கே திரும்பினேன். இந்த நிலையில்தான் தோட்டத்து ஜீப் ஓட்டுநர் ஒருவர் சொல்லி அஸ்தம்பட்டிக் கடைக்குப் போனேன்.

அங்கே எனக்கு முதலில் பிடித்தது, பல்பைப் பற்றி யாரும் பேச்செடுக்காததுதான். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, எலக்ட்ரீசியன் இன்ஜினை ஓட விட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, ஆக்சிலரேட்டரை மெல்ல ஏற்றி இறக்கச் சொன்னார். ஆக்சிலரேட்டர் ஏறும்போது வெளிச்சமும் நன்றாகக் கூடினால் டைனமோ, பெல்ட், பேட்டரி ஆகியவற்றின் பக்கம் பார்க்க வேண்டும் என்றும், ஏறினாலும் இறங்கினாலும் ஒரே மங்கலாக இருந்தால் ஒயரிங்கில் தேட வேண்டும் என்றும் விளக்கினார். என் கார் இரண்டாவது வகை. “பல்ப மாத்தறது கடைசி வேலைங்க சார். கரண்டு எங்க தங்குதுன்னு மொதல்ல பாத்துக்கலாம்ங்க” என்றார்.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தார். இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முன்பு போன இரண்டு கடைகளிலும் மீட்டரை யாரும் கையில் எடுக்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியில் 14.0 வோல்ட் இருந்தது, 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சார்ஜ் சரியாக ஏறுகிறது என்று பொருள். அடுத்து, ஹெட்லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே ஹோல்டரின் பின்பக்கம் மீட்டரின் முனைகளைச் செருகிப் பார்த்தார். வலது பல்புக்கு வந்து சேர்ந்தது 11.4 வோல்ட் மட்டுமே. பல்பைக் கழற்றிவிட்டு வெறும் ஹோல்டரில் அளந்தால் முழு வோல்ட்டேஜும் காட்டும், அதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள் என்றார். மின்சாரம் ஓடும்போதுதான் ஒயரின் தடை வோல்ட்டேஜைத் தின்னும். எனவே பல்பு எரியும்போதே அளக்க வேண்டும். காணாமல் போன 2.6 வோல்ட் எங்கே போனது என்பதையும் பிரித்துக் காட்டினார். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் ஹோல்டரின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே 1.5 வோல்ட், ஹோல்டரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே 1.1 வோல்ட். கூட்டினால் கணக்கு சரியாக வந்தது. கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்த நொடியில் அவர்மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது.

2.6 வோல்ட் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜுக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. ஏறக்குறைய அதன் 3.4-ஆம் அடுக்கின்படி குறைகிறது. அதாவது வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். மாருதி 800 முதலான நம் ஊர்ப் பழைய கார்களில் இருக்கும் எச்4 வகை பல்பு, 13.2 வோல்ட்டில் டிம்முக்குச் சுமார் 1,000 லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), பிரைட்டுக்குச் சுமார் 1,650 லூமென் தர வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். 11.4 வோல்ட்டில் டிம் வெளிச்சம் 600 லூமென் அளவில்தான் இருக்கும். அதுவும் மஞ்சள் படிந்து, செந்நிறம் நோக்கிச் சாய்ந்துவிடும். என் கார் அப்படித்தான் இருந்தது. கூடுதல் வாட் பல்பு போட்டபோது ஹோல்டர் உருகியதற்கும் இதே கணக்கில் விடை இருந்தது. ஏற்கெனவே தடை ஏறிய ஒயரிலும் ஹோல்டரிலும் இன்னும் அதிக மின்சாரம் ஓடினால், அந்தத் தடை உள்ள இடத்திலேயே சூடு பிறக்கும்.

குறை இருந்த இடங்களை இருவரும் ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டே வேலையைத் தொடங்கினார்கள். எர்த் ஒயர், பேட்டரிக்குக் கீழே பாடியில் ஒரு போல்ட்டில் முறுக்கப்பட்டிருந்தது. ஒயரின் முனையில் இருக்கும் உலோக வளையமான லக் முழுவதும் பச்சைக் களிம்பு. போல்ட்டைக் கழற்றி, பாடியின் பெயின்ட்டை இரும்பு பளபளக்கும் வரை சுரண்டி, புதிய லக்கை அழுத்திச் சாலிடர் வைத்து, மேலே வாசலின் தடவி முறுக்கினார்கள். இரண்டு ஹெட்லைட்டுகளுக்கும் தனித்தனி எர்த் ஒயர் கொடுத்தார்கள். உருகிய ஹோல்டருக்குப் பதிலாகச் சூடு தாங்கும் பீங்கான் ஹோல்டர் வந்தது. இந்த அளவிலேயே எர்த் பக்கத்து இழப்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது.

பாசிட்டிவ் பக்கத்துக்கு ரிலே, அதாவது சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். பழைய சிறிய கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டின் மொத்த மின்சாரமும் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உள்ள சுவிட்ச் வழியாகவே சுற்றி வரும். டிம்மில் இரண்டு பல்பும் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய ஒயரும் இருபது வருடமாகத் தேய்ந்த சுவிட்ச் முனையும் அதைச் சுமந்து களைத்துவிடுகின்றன. ரிலே போட்டால் சுவிட்ச் வழியாக ரிலேயின் காயிலுக்கு வேண்டிய சொற்ப மின்சாரம் மட்டுமே ஓடும். பல்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் நேராகப் போகும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்களைப் பொருத்தினார். பேட்டரியிலிருந்து வரும் ஒயர் 30-ஆம் எண் முனைக்கு, பல்புக்குப் போவது 87-க்கு, சுவிட்ச்சிலிருந்து வருவதும் எர்த்தும் 85, 86-க்கு. ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர். பேட்டரிக்கு மிக அருகிலேயே பியூஸ் வைத்தார். பியூஸ் தள்ளிப் போய்விட்டால், இடையில் ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆகும்போது அதைத் துண்டிக்க எதுவும் இருக்காது என்பது அவர் சொன்ன காரணம். இதில் நான் கவனித்த இன்னொன்று: ரிலேயைக் கையில் எடுப்பதற்கு முன், என் காரின் சுவிட்ச் பாசிட்டிவ் பக்கத்தை வெட்டுகிறதா, எர்த் பக்கத்தை வெட்டுகிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தார். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த சில கார்களில் எர்த் பக்கம் வெட்டுவது உண்டு. அதைப் பாராமல் கடையில் விற்கும் ஆயத்த ரிலே செட்டை அப்படியே மாட்டினால், டிம்மும் பிரைட்டும் தாறுமாறாக எரியும்.

வேலை முடிந்து மீண்டும் அளந்தபோது பல்பில் 13.6 வோல்ட் வந்தது. முன்பு இருந்த வெளிச்சத்தைப் போல் ஒன்றே முக்கால் மடங்குக்கும் சற்று அதிகம் என்று கணக்கு சொல்கிறது. வோல்ட்டேஜ் கூடினால் பல்பின் ஆயுள் குறையும் என்பதை அவரே சொன்னார். அதற்கு ஏற்ப ஒரு ஜோடி உபரி பல்பை டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார். புதிய பல்புகள் வழக்கமான 60/55 வாட்தான். கூடுதல் வாட் கேட்கும் வாடிக்கையாளர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 106-ஆவது விதி, 8 மீட்டர் தொலைவில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி வெளிச்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. அவருடைய மேசைக்கு மேலே அந்த அளவுகளைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்து ஃபோகஸ். இங்கேதான் எல்இடி போட்டவர்களின் கைவரிசை வெளிப்பட்டது. எச்4 பல்பின் உலோக வளையத்தில் மூன்று காதுகள் உண்டு. ஒன்று மற்றவற்றைவிட அகலமானது. பல்பின் ஒளியை முன்னால் திருப்பும் பளபளப்பான கிண்ணமான ரிஃப்ளெக்டரில் உள்ள பள்ளங்களில் அவை உட்கார்ந்தால்தான் பல்பு சரியான கோணத்தில் நிற்கும். பல்புக்குள் டிம் இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகத் தகடு இருக்கிறது. ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் மறைத்து, எதிரே வருகிறவர் கண்ணுக்கு மேல்நோக்கிய ஒளி போகாமல் அதுதான் தடுக்கிறது. பல்பு சற்றே சாய்ந்தாலும் இந்த ஏற்பாடு முழுதும் குலைந்துவிடும். என் காரில் எல்இடியின் பருத்த உடலை நுழைக்க ஸ்பிரிங் கிளிப்பை வளைத்து, வலது பக்கப் பள்ளம் ஒன்றை அரத்தால் தேய்த்துவிட்டிருந்தார்கள். கிளிப்பை நிமிர்த்தி, தேய்ந்த இடத்தில் பல்பு ஆடாமல் உட்காரும்படி செய்ய அவருக்கு அரை மணி நேரம் பிடித்தது. புதிய பல்பின் கண்ணாடியில் விரல் படாமல் காகிதத்தால் பிடித்தே மாட்டினார். விரலின் எண்ணெய் பட்ட இடம் அதிகமாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும்.

வலது ஹெட்லைட்டைக் கையால் தொட்டால் ஆடியது. மேல்-கீழ் அட்ஜஸ்ட் திருகு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் மரை உடைந்திருந்தது. இதை ஓராண்டாக யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. செவ்வாய்பேட்டையிலிருந்து அந்தச் சிறு மரையை வாங்கி வர ஒரு நாள் ஆனது.

ஃபோகஸ் பார்ப்பதற்கு இருட்டிய பிறகு வரச் சொன்னார். கடையில் அதற்கான கருவி இல்லை. பக்கத்துக் கிடங்கின் வெள்ளைச் சுவர்தான். முதலில் நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்து, டிக்கியில் இருந்த கணக்குப் புத்தக மூட்டைகளை இறக்கச் செய்து, என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, காரை இருமுறை அழுத்திக் குலுக்கினார். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் கோடு போட்டார். சுவரிலிருந்து 7.5 மீட்டர் பின்னால் காரை நிறுத்தினார். ஒரு சதவீதச் சரிவு என்று வைத்தால், அந்தத் தொலைவில் டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு கோட்டுக்கு 7.5 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால், அந்த விளிம்பு இடப்பக்கம் மட்டும் சாய்வாக மேலேறும். நடந்து போகிறவரையும் மைல்கல்லையும் காட்டுவது அந்தச் சாய்வுதான். ஒரு விளக்கைச் சாக்கால் மூடிவிட்டு மற்றதைத் திருகி, பிறகு மாற்றிச் செய்தார். என் கார் முதலில் வலது விளக்கால் கிடங்கின் கூரையையும் இடது விளக்கால் தன் முன்சக்கரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு விளிம்புகளும் ஒரே மட்டத்தில் வந்து நின்றபோது, கூசாமலும் குறையாமலும் ஒரு கோடு சுவரில் தெரிந்தது. அவர் முகத்தில் அப்போது தெரிந்த நிறைவு எனக்கும் தொற்றிக்கொண்டது.

இந்தக் கடையில் செய்யாத வேலை ஒன்று உண்டு. ஹெட்லைட்டின் முன்பக்க பிளாஸ்டிக் மஞ்சள் பூத்திருந்தால் அதை இவர் பாலிஷ் செய்வதில்லை. வெயிலில் அந்த பிளாஸ்டிக்கின் மேற்பூச்சு கெட்டு மங்குகிறது. 800, 1500, 2000 என வாட்டர் பேப்பரில் படிப்படியாகத் தேய்த்து மெருகேற்றினால் தெளிந்துவிடும். ஆனால், அதன்மேல் புற ஊதாக் கதிரைத் தாங்கும் புதுப் பூச்சு அடிக்காவிட்டால் சில மாதங்களில் மீண்டும் மஞ்சளாகும். அந்தப் பூச்சை அடிக்கத் தூசியில்லாத இடம் தம்மிடம் இல்லை என்று சொல்லி, பெயின்ட் வேலை செய்யும் ஒருவரிடம் அனுப்பினார். அந்த வேலையும் நன்றாகவே வந்தது.

ரிஃப்ளெக்டரைப் பற்றி ஒரு சொல். செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மெருகேற்றும் உறவினர் ஒருவர், உள்ளே மங்கியிருந்த ரிஃப்ளெக்டரைத் தாமே துலக்கித் தருவதாக அன்போடு முன்வந்தார். எலக்ட்ரீசியன் உடனே தடுத்துவிட்டார். அது காற்றில்லா அறையில் ஏற்றிய மிக மெல்லிய அலுமினியப் படலம். துணி பட்டாலே பெயர்ந்து வந்துவிடும், உரிந்த ரிஃப்ளெக்டருக்குப் புது விளக்கு வாங்குவதைத் தவிர வழியில்லை. என் இடது விளக்கில் ஓரத்தில் சிறிது மங்கல் இருக்கிறது. பின்பக்க ரப்பர் மூடி கிழிந்து மலையின் பனியும் ஈரமும் உள்ளே போனதால் வந்த குறை அது. ரப்பரை மட்டும் மாற்றிவிட்டு, ரிஃப்ளெக்டரை அப்படியே விட்டிருக்கிறோம்.

வேலை முடிந்த பிறகு ஏழு இரவுகள் மலையிலிருந்து இறங்கியிருக்கிறேன். முதல் இரவு மழை. ஈரத் தாரில் வெளிச்சம் எப்போதும் குறைவாகத்தான் தெரியும்; அப்படியும் ஓரத்துத் தடுப்புச் சுவரின் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிந்தன. வளைவுகளில் உள்பக்கச் சாலை, முன்பைவிட முன்னதாகவே கண்ணுக்கு வருகிறது. எதிரே ஏறி வந்த பேருந்து ஓட்டுநர்கள் யாரும் லைட்டை அணைத்துக் காட்டவில்லை. பனிமூட்டத்தில் முன்னேற்றம் சிறிதே. அதில் எந்த விளக்கும் ஓரளவுக்கு மேல் உதவாது, மெதுவாக இறங்குவதே வழி.

மொத்தச் செலவு 3,150 ரூபாய். அதில் ரிலே, ஒயர், ஹோல்டர், பல்பு, ரப்பர் எல்லாம் சேர்ந்து 1,750, கூலி 900, மஞ்சள் நீக்கியது வெளியில் 500. முன்பு வீணாக்கிய தொகை இதைவிட அதிகம். குறைகளும் உண்டு. ஒரு நாள் என்று சொன்ன வேலை மூன்று நாள் ஆனது, அதில் ஒரு நாள் மட்டுமே மரைக்காக. அச்சிட்ட ரசீது தருவதில்லை. கேட்டால் துண்டுக் காகிதத்தில் எழுதித் தருகிறார், அலுவலகக் கணக்கில் செலவு எழுத வேண்டியவர்களுக்கு அது போதாது. பொருத்திய பொருட்களுக்கு உத்தரவாதம் வாய்வார்த்தையாக மட்டுமே. ரிலே ஒயர்களை நெளி குழாய்க்குள் போட்டு நேர்த்தியாகக் கட்டியிருந்தாலும், ஓரிடத்தில் பேட்டரியின் தாங்கிக்கு மிக நெருக்கமாகப் போயிருந்தது. மறுவாரம் காட்டியதும் எதுவும் கேட்காமல் மாற்றிக் கட்டினார்.

கடை காலை பத்து மணிக்குத் திறக்கிறது, ஞாயிறு விடுமுறை. ஒயரிங் பார்க்க வேண்டுமானால் முற்பகலில் விட்டுவிடுவது நல்லது. ஃபோகஸுக்கு மாலை ஏழு மணிக்குப் பிறகே வரச் சொல்வார். டிக்கியைக் காலி செய்துகொண்டு போனால் நேரம் மிச்சம். அந்தத் தெரு முனையில் இருக்கும் டயர் கடையில் ஹெட்லைட் வேலை பார்க்கும் பெரியவர் என்று கேட்டால் போதும், வழி காட்டுவார்கள்.